ஃபிளின் ஃபிளான் காய்ச்சல்

1960களின் கடைசியில் மேற்குக் கனடாவின் இளையோர் ஐஸ் ஹாக்கி அணிகளை ஒரு விசித்திரமான நோய் தாக்கிவந்தது. வடக்கே ஃபிளின் ஃபிளான் என்ற சுரங்க ஊருக்குப் பஸ் ஏறும் நாள் நெருங்கும்போதுதான் அது தலைகாட்டும். முந்தின வாரம்வரை எதிரணிக்காரர்களைத் தடுப்புச் சுவரோடு மோதி நசுக்கிக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பையனுக்குத் திடீரென்று வயிற்று வலி வரும். இன்னொருவனுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். பஸ் போய்த் திரும்பிய மறுநாள் இருவரும் பூரண குணம் அடைந்திருப்பார்கள். ஹாக்கி வட்டாரத்தில் இதற்கு 'ஃபிளின் ஃபிளான் காய்ச்சல்' என்றே பெயர்.

காய்ச்சலுக்குக் காரணமான அணியின் பெயர் ஃபிளின் ஃபிளான் பாம்பர்ஸ். மெரூன் நிறச் சட்டை. ஊரின் மக்கள்தொகை அன்று பத்தாயிரத்தை ஒட்டியிருந்தது. இன்று மனிடோபா பக்கத்தில் ஐயாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. இந்த அணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும், இங்கே ஆடிப் பின்னாளில் தொழில்முறை ஹாக்கியில் பெரும்புகழ் பெற்ற பாபி கிளார்க் பெயரைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் எப்போதும் ஒரு குறை உண்டு. இவ்வளவு தொலைவில், இவ்வளவு சிறிய ஊருக்கு இப்படி ஓர் அணி எப்படிக் கிடைத்தது, அதற்கு யார் காசு கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

நான் வசிப்பது வினிபெக்கில். அங்கிருந்து ஃபிளின் ஃபிளானுக்குக் காரில் போனால் சுமார் 760 கிலோமீட்டர். கோதுமை வயல் முடிந்து, காடும் ஏரியும் தொடங்கி, கடைசியில் கல் மட்டும் மிஞ்சும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு ஹாக்கி நெடுநாள் பிடிபடவில்லை. பக் என்கிற அந்தச் சின்ன ரப்பர் வட்டு எங்கே இருக்கிறது என்பதையே கண் தேடிக்கொண்டிருக்கும். வேலையிடத்தில் என்னோடு இருந்த ஒரு பெரியவர் ஃபிளின் ஃபிளான்காரர். அவர்தான் பக்கைப் பார்க்காதே, ஆட்களைப் பார் என்று சொல்லிக் கொடுத்தார். அணியைப் பற்றிப் பேசும்போதும் அவர் அதையே செய்வார். கோல் கணக்கைச் சொல்ல மாட்டார். இன்னார் எந்த வீட்டில் தங்கியிருந்தான், எந்த ஷிப்டில் வேலை பார்த்தான், யார் அவனுக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்தது என்றே கதை போகும்.

முதலில் ஊர். மனிடோபா, சஸ்காட்செவன் ஆகிய இரண்டு மாகாணங்களின் எல்லைக்கோடு ஊரை வெட்டிக்கொண்டு போகிறது. சஸ்காட்செவன் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே திருப்பி வைக்காது; மனிடோபா திருப்பி வைக்கும். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிரைட்டன் என்ற சிற்றூர், சொந்த மாகாணத்தை விட்டுவிட்டு ஃபிளின் ஃபிளான் கடிகாரத்தோடுதான் ஓடுகிறது. சட்டம் என்ன சொன்னாலும் வேலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் நேரமும் இருக்கும்.

1915இல் டாம் கிரைட்டன் என்பவரும் கூட்டாளிகளும் தாது தேடி இந்தப் பக்கம் அலைந்தபோது செம்பும் துத்தநாகமும் கலந்த பெரிய படிவம் ஒன்று கிடைத்தது. காட்டில் கிடைத்த ஒரு மலிவு விலை நாவலை அவர்கள் படித்திருந்தார்கள். அதன் நாயகன் ஜோசையா ஃபிளின்டாபட்டி ஃபிளோனாட்டின் நீர்மூழ்கியில் ஓர் ஏரியின் அடியாழத்துக்குப் போய்த் தங்கம் நிறைந்த உலகத்தைக் கண்டுபிடிப்பான். அவன் பெயரைச் சுருக்கி இந்த இடத்துக்கு வைத்தார்கள். ஊர் முகப்பில் இன்று அவனுக்கு ஓர் உயரமான சிலை நிற்கிறது. கேலிச்சித்திரக்காரர் ஆல் காப் வரைந்த உருவம், 1962இல் வைத்தது. ஒரு நகராட்சி முழுவதும் நாவல் பாத்திரத்தின் பெயரில் வரி வசூலிக்கிறது என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

படிவம் கிடைத்தாலும் அந்தத் தாதைப் பிரித்தெடுக்கும் வழி அப்போது எளிதாக இல்லை. பணமும் ரயிலும் இல்லை. 1927இல் நியூயார்க்கின் விட்னி குடும்பப் பணத்தோடு ஹட்சன் பே மைனிங் அண்ட் ஸ்மெல்ட்டிங் நிறுவனம் உருவானது. அடுத்த ஆண்டு ரயில் பாதை வந்து சேர்ந்தது. 1930இல் உருக்காலை ஓடத் தொடங்கியது. பாம்பர்ஸ் தங்கள் தொடக்கமாகச் சொல்லிக்கொள்வதும் அதே 1927தான். நிறுவனமும் அணியும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள்.

ஊரில் மண் கிடையாது. கனடியக் கேடயம் எனப்படும் பழம்பாறையின் மேலேயே வீடுகள். கழிவுநீர்க் குழாயைப் புதைக்க முடியாததால் மரப்பெட்டிகளுக்குள் மரத்தூள் அடைத்துத் தரைக்கு மேலேயே கொண்டுபோனார்கள். அந்தப் பெட்டிகளின் மேல்பலகைதான் ஊருக்கு நடைபாதை. குளிர்காலத்தில் குழந்தைகள் அதன்மேல் நடந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். உருக்காலைப் புகையிலிருந்த கந்தக டையாக்சைடு சுற்றுப்புற மரங்களைக் கொன்றுவிட, பாறை இன்னும் மொட்டையானது. பிற்காலத்தில் ஊர்க்காரர்களே சுண்ணாம்புக் கல் பொடியைக் கையால் தூவித்தான் மரங்களை மெல்லத் திரும்ப வரவழைத்தார்கள். 1970களில் நிறுவனம் 251 மீட்டர் உயரத்துக்குப் புகைபோக்கி கட்டியது. புகை குறையவில்லை, தூரமாகப் போனது, அவ்வளவே.

இப்படிப்பட்ட இடத்துக்குத் தொழிலாளியைக் கொண்டுவருவது ஒரு வேலை. போகாமல் வைத்திருப்பது அதைவிடப் பெரிய வேலை. 1934இல் இங்கே கடுமையான வேலைநிறுத்தம் நடந்து காவல்துறை வந்திறங்கியது. ஊதியத்தில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை நிறுவனம் பார்த்துவிட்டது. ஏரிக்கரையில் பூங்கா அமைத்தது, விளையாட்டுக்குப் பணம் கொடுத்தது. இதை வள்ளல் குணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்குக் கணக்குப் புத்தகமாகத்தான் தெரிகிறது. மைனஸ் நாற்பது டிகிரியில், இரவு முழுவதும் பாறைக்கடியில் துளையிட்டுவிட்டு மேலே வருகிறவனுக்கு வாரக் கடைசியில் ஓர் ஆட்டம் இருந்தால் அடுத்த ரயிலில் ஏறிப் போகும் எண்ணம் கொஞ்சம் தள்ளிப்போகும்.

நிறுவனம் செய்த முக்கியமான காரியம் வேறு. ஹாக்கி விளையாட வரும் பையன்களுக்குச் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை கொடுத்தது. காலையில் சில மணி நேர வேலை, மதியத்துக்குப் பிறகு பயிற்சி. பதினேழு பதினெட்டு வயதில் கையில் சம்பளக் காசு. தெற்கே சமவெளி ஊர்களில் வளர்ந்த ஒரு விவசாயி மகனுக்கு இதைவிடப் பெரிய ஈர்ப்பு இருக்க முடியாது. மற்ற அணிகள் பயிற்சியாளரின் பேச்சை வைத்து ஆள் பிடித்தபோது பாம்பர்ஸ் வேலை உத்தரவை வைத்துப் பிடித்தது. வினிபெக்கை விடச் சஸ்காட்செவன் ஊர்கள் ஆடுவதற்கு வசதியாக இருந்ததால், மனிடோபா அணியான பாம்பர்ஸ் 1948 முதல் சஸ்காட்செவன் இளையோர் லீக்கில்தான் ஆடியது. 1950களில் அந்த லீக்கின் பட்டத்தைப் பல முறை கைப்பற்றியது.

1957ஐப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் இறந்த கனடிய வீரர்களின் நினைவாக 1919இலிருந்து கொடுக்கப்படும் மெமோரியல் கப்தான் இளையோர் ஹாக்கியின் உச்சம். மேற்கின் வெற்றியாளராகப் பாம்பர்ஸ் வந்து நின்றபோது, கிழக்கிலிருந்து வந்தது ஒட்டாவா கனடியன்ஸ். அது பெயருக்குத்தான் ஒட்டாவா. மான்ட்ரியால் கனடியன்ஸ் என்ற தொழில்முறைப் பேரணியின் நாற்றங்கால் அது. மேலாளர் சாம் பாலக். அவருக்குத் துணையாக இளைஞரான ஸ்காட்டி போமன். பிற்காலத்தில் ஒருவர் மான்ட்ரியாலின் மிகச் சிறந்த நிர்வாகியாகவும், மற்றவர் வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கியின் உச்சமான தேசிய ஹாக்கி லீக்கில் மிக அதிக வெற்றி கண்ட பயிற்சியாளராகவும் ஆனார்கள். எதிரே சுரங்க ஷிப்ட் முடித்து வந்த பையன்கள், பயிற்சியாளர் பாபி கிர்க், அணித் தலைவன் டெட் ஹாம்சன். மேற்கின் மற்ற அணிகளிலிருந்து சிலரைக் கடன் வாங்கிக்கொள்ள விதி இடம் கொடுத்தது. அப்படி வந்தவர்களில் ஒருவர் ஓர்லாண்ட் கர்ட்டன்பாக். 1970இல் வான்கூவர் கனக்ஸ் அணி தேசிய லீக்கில் நுழைந்தபோது அதன் முதல் தலைவர் அவர்தான்.

ஃபிளின் ஃபிளானில் தொடங்கிய தொடர் ஏழு ஆட்டங்கள்வரை நீண்டு ரெஜைனாவில் முடிந்தது. பாம்பர்ஸ் நான்குக்கு மூன்று என்று வென்றது. பாலக்கின் அணி அடுத்த ஆண்டே திரும்பி வந்து கோப்பையை எடுத்துக்கொண்டது என்பதை வைத்துப் பார்த்தால், தோற்றவர்கள் எவ்வளவு பலசாலிகள் என்பது புரியும். ஹாம்சன் குள்ளமான ஆள். தேசிய லீக்கில் 676 ஆட்டங்கள் ஆடினார், 1969இல் விடாமுயற்சிக்கான பில் மாஸ்டர்டன் விருதும் பெற்றார். வெற்றிக்கு அடுத்த ஆண்டு ஊரில் புதிய உள்ளரங்கம் கட்டப்பட்டது. அதன் பெயர் விட்னி ஃபோரம். கோப்பையை வென்ற பையன்களில் ஒருவர் பெயரையும் அதற்கு வைக்கவில்லை, நியூயார்க் முதலாளியின் குடும்பப் பெயரை வைத்தார்கள் என்பதைப் பெரியவரிடம் நான் ஒருமுறை சொன்னேன். "வைக்காமல்? கூரை அவர்கள் காசு" என்றார்.

கோப்பை வென்ற அந்த அணியில் பாட் ஜினல் என்றொருவர் ஆடினார். 1960களின் நடுவில் பயிற்சியாளராக ஊர் திரும்பினார். காய்ச்சல் தொடங்கியது அவர் காலத்தில்தான். ஜினலின் தத்துவம் எளிது. எதிரணி நீண்ட நேரம் பஸ்ஸில் குலுங்கி வருகிறது, அரங்கம் சின்னது, கூட்டம் சுரங்கத் தொழிலாளிகள். முதல் பத்து நிமிடத்திலேயே பயத்தை விதைத்துவிட்டால் பாதி ஆட்டம் முடிந்தது. சண்டை அவருடைய அணிக்குத் தற்செயலாக வரவில்லை, பாடத்திட்டத்தில் இருந்தது. இதை நான் ரசித்து எழுதவில்லை. பதினேழு வயதுப் பிள்ளைகளின் பற்களை வைத்து விளையாடிய ஆட்டம் அது. ஆனால் வெறும் முரடர்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. ஏனென்றால் அதே தளத்தில், அதே சட்டையில், இரண்டு அபாரமான ஆட்டக்காரர்கள் இருந்தார்கள்.

பாபி கிளார்க் 1949 ஆகஸ்டில் அதே ஊரில் பிறந்தவர். தகப்பனார் சுரங்கத்தில் வேலை பார்த்தார். சிறு வயதிலேயே சர்க்கரை நோய் வந்து இன்சுலின் போட்டுக்கொண்டவர். ரெஜி லீச் தெற்கே ரிவர்ட்டன் என்ற ஊரிலிருந்து வந்த ஒஜிப்வே பழங்குடிப் பையன், தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவன், அளவில்லாத பழைய ஸ்கேட்டில் பழகியவன். கிளார்க் பக்கைக் கொண்டுவருவார், லீச் அடிப்பார். 1967–68 பருவத்தில் 59 ஆட்டங்களில் லீச் போட்ட கோல்கள் 87. அதே 59 ஆட்டங்களில் கிளார்க் போட்டது 51, போட வைத்தது 117. இந்த எண்களைக் கிரிக்கெட் மொழியில் எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பருவம் முழுவதும் ஒரே ஜோடி தினமும் சதமடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 1968இல் இறுதித் தொடரில் எஸ்டெவான் என்ற சஸ்காட்செவன் ஊரின் அணியிடம் தோற்றார்கள். 1969இலும் 1970இலும் லீக் பட்டம் பாம்பர்ஸுக்குத்தான். ஆனால் மெமோரியல் கப் கைக்கு எட்டவில்லை. காரணம் பனித்தளத்தில் இல்லை, அலுவலகத்தில் இருந்தது. மேற்கின் பெரிய இளையோர் அணிகள் 1966இல் தேசிய அமைப்போடு முரண்பட்டுத் தனி லீக் தொடங்கியிருந்தன. பாம்பர்ஸ் அடுத்த ஆண்டு அதில் சேர்ந்தது. சண்டை முற்றியதும் அந்த லீக்குக்கு மெமோரியல் கப் வாசல் சாத்தப்பட்டது. அதனால் 1969இல் ஒன்டாரியோவின் செயின்ட் தாமஸ் பேரன்ஸ் என்ற, அதே போல ஒதுங்கி நின்ற அணியோடு ஒரு மாற்றுத் தேசியப் போட்டி ஏற்பாடானது. நான்காவது ஆட்டத்தில் அடிதடி. இந்த வன்முறைக்கு நடுவே ஆட முடியாது என்று செயின்ட் தாமஸ் தளத்தை விட்டே வெளியேறியது. தொடர் பாம்பர்ஸுக்கு என்று அறிவித்தார்கள். கனடாவின் சிறந்த இளையோர் அணியாக அந்த ஆண்டு அவர்கள் இருந்திருக்கக்கூடும். அதை நிரூபிக்கும் வாய்ப்பை எதிரிகளை விரட்டியே கெடுத்துக்கொண்டார்கள் என்பது என் கருத்து. பெரியவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "ஓடிப்போனவன் தோற்றவன்" என்பார்.

அதே 1969 கோடையில் தேசிய லீக்கின் வீரர் தேர்வு; அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராக இளம் ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளும் நாள் அது. இளையோர் ஹாக்கியில் கிளார்க்கை விடச் சிறந்தவர் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை நோய் என்றும் தெரியும். ஜினல் அவரை அமெரிக்காவின் மேயோ கிளினிக்குக்கு அழைத்துப் போய்ப் பரிசோதனை செய்து, உடம்பைக் கவனித்துக்கொண்டால் தொழில்முறை ஆட்டம் ஆடலாம் என்ற மருத்துவர்களின் கருத்தைக் கையில் வாங்கி வந்திருந்தார். அணிகளிடம் அதைக் காட்டினார். அப்படியும் முதல் சுற்றில் ஒருவரும் எடுக்கவில்லை. பிலடெல்ஃபியா ஃபிளையர்ஸே முதலில் வேறொருவரை எடுத்துவிட்டு, 17ஆவது இடத்தில்தான் கிளார்க்கை எடுத்தது. முதலில் எடுத்தவர் தேசிய லீக்கில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. கிளார்க் அந்த அணியின் தலைவராகி 1974, 1975 ஆகிய ஆண்டுகளில் தேசிய லீக்கின் கோப்பையான ஸ்டான்லி கப்பைத் தூக்கினார்; லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான விருதை மூன்று முறை பெற்றார். முரட்டு ஜினல் ஒரு நோயாளிப் பையனுக்காக மருத்துவமனை வாசலில் காத்திருந்ததை நினைக்கும்போது அவர்மேல் இருக்கும் என் கோபம் பாதி இறங்கிவிடுகிறது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

அதற்குக் காரணம் 1972. சோவியத் யூனியனுக்கு எதிரான புகழ்பெற்ற தொடரின் ஆறாவது ஆட்டம், மாஸ்கோ. எதிரணியின் மின்னல் ஆட்டக்காரர் வலேரி கார்லமோவின் கணுக்காலைக் குறிவைத்துக் கிளார்க் இரண்டு கையாலும் தடியை ஓங்கி வீசினார். கார்லமோவ் அதற்குப் பிறகு அந்தத் தொடரில் பழைய வேகத்தில் ஆடவில்லை. கனடா தொடரை வென்றது. அவ்வப்போது இப்படி இரண்டு கை வீச்சு வீசக் கற்றுக்கொண்டிருக்காவிட்டால் ஃபிளின் ஃபிளானை விட்டு வெளியேறியிருக்கவே மாட்டேன் என்ற பொருளில் கிளார்க் பின்னர் பேசியது இன்றும் மேற்கோளாகச் சுற்றுகிறது. ஊர்க்காரர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சுரங்கத்துக்குள் இறங்குவதா, தடியை வீசுவதா என்ற இரண்டே வழிதான் ஒரு பையனுக்குத் தெரிந்திருந்தது என்றால் அது ஊரைப் பற்றிய செய்தி, அவனைப் பற்றியது அல்ல.

லீச்சின் கதை நேர்க்கோட்டில் போகாதது. 1970இல் மூன்றாவது இடத்தில் தேர்வானார். 1974இல் பிலடெல்ஃபியாவுக்கு வந்து பழைய நண்பரோடு சேர்ந்தார். 1975–76இல் 61 கோல்கள். அந்த ஆண்டின் பிளே ஆஃப் ஆட்டங்களில், அதாவது பருவம் முடிந்து கோப்பைக்காக நடக்கும் கடைசிச் சுற்றுகளில், மேலும் 19. பிலடெல்ஃபியா இறுதியில் தோற்றும் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. குடிப்பழக்கம் அவருடைய நல்ல ஆண்டுகளில் பலவற்றை விழுங்கியது; அதை அவரே மறைக்காமல் பேசியிருக்கிறார். குடியை விட்ட பிறகு பழங்குடிக் குழந்தைகளிடம் ஊர் ஊராகப் போய்ப் பேசுவதைத் தன் வேலையாக்கிக்கொண்டார். அவரைக் கொண்டாடும் கட்டுரைகள் ரிவர்ட்டன் துப்பாக்கி என்ற பட்டப்பெயரைச் சொல்லும். பதினைந்து, பதினாறு வயதுப் பழங்குடிப் பையன் வீட்டை விட்டு வந்து அந்நிய ஊரில் எதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஆடினான் என்பதற்கு அவற்றில் இடம் இருக்காது.

பொற்காலம் முடிந்தது தோல்வியால் அல்ல, பெட்ரோலால். லீக் பெரிய நகரங்களின் பக்கம் சாய்ந்தது, பஸ் பயணமும் அதன் செலவும் நீண்டன. எஸ்டெவான் அணி 1971இல் பசிபிக் கரையோர நியூ வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போனது. ஸ்விஃப்ட் கரன்ட் அணி 1974இல் லெத்பிரிட்ஜுக்குப் போனது. ஜினலே 1973இல் விக்டோரியாவுக்குப் போய்விட்டார். 1971இல் சுரங்கத்தில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்து ஊர் இரண்டுபட்டது. இத்தனைக்குப் பிறகும் 1978வரை பாம்பர்ஸ் தாக்குப்பிடித்தது. அந்த ஆண்டு அணியின் உரிமம் எட்மன்டனுக்குக் கைமாறியது. அங்கே ஒரு பருவம், பிறகு அமெரிக்காவின் கிரேட் ஃபால்ஸ். அங்கே சீசன் பாதியைக்கூடத் தாண்டாமல் அணி கலைந்தது. மெமோரியல் கப் வென்ற ஓர் அமைப்பின் முடிவு மொன்டானாவில் யாரும் பார்க்காத ஆட்டங்களில் நடந்தேறியது.

ஆனால் உரிமம் போனதே தவிர பெயரும் சட்டையும் அரங்கமும் போகவில்லை. ஊர்க்காரர்கள் ஒரு படி கீழே இருக்கும் ஜூனியர் ஏ தரத்தில், வடக்கு மனிடோபாவின் சிறு லீக் ஒன்றில் பாம்பர்ஸை மீண்டும் தொடங்கினார்கள். 1984இல் சஸ்காட்செவன் ஜூனியர் ஹாக்கி லீக்கில் சேர்ந்தார்கள். 1993இல் அதன் பட்டத்தை வென்றார்கள். இப்போது அணி தனி முதலாளியின் சொத்து அல்ல. ஊரின் தன்னார்வலர்கள் கொண்ட குழு நடத்துகிறது. தாளில் பார்த்தால் இது வீழ்ச்சி. எனக்கோ அணியின் வரலாற்றில் மிகக் கடினமான, பாராட்டப்படாத பகுதி இதுதான் என்று தோன்றுகிறது. 1957இல் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் பின்னால் இருந்தது. இப்போது லாட்டரி டிக்கெட் விற்க வேண்டும், விருந்து நடத்த வேண்டும், தடுப்புச் சுவரில் விளம்பரம் ஒட்டக் கடைக்காரர்களிடம் கேட்க வேண்டும்.

இதோடு பையன்களுக்கு வீடு வேண்டும். வெளியூர் ஆட்டக்காரர்களை ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இளையோர் ஹாக்கி முழுவதும் உண்டு. செப்டம்பர் முதல் வசந்தம்வரை ஒரு பதினெட்டு வயதுப் பையன் உங்கள் குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்துகொண்டிருப்பான். குழு கொடுக்கும் தொகை மளிகைக்கே போதாது என்று பெரியவரின் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் வீட்டில் வருடக்கணக்காகப் பையன்கள் தங்கியிருக்கிறார்கள். இந்த அணியின் வரலாற்றில் நான் இதுவரை எழுதிய பெயர்கள் எல்லாம் ஆண்களுடையவை. பையன்களை எழுப்பி, ஊட்டி, காயத்துக்கு ஐஸ் வைத்து, தோற்ற இரவில் பேசாமல் சாப்பாடு எடுத்துவைத்த பெண்கள் எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் வர மாட்டார்கள்.

விட்னி ஃபோரத்தில் ஒரு பிளே ஆஃப் ஆட்டம் பார்த்தேன். தாழ்ந்த கூரை, கூட்டம் தளத்துக்கு மிக அருகில். எதிரணிக் கோல்காப்பாளருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் அவனுடைய குலம் கோத்திரம் எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டிருந்தார். இங்கே பிளே ஆஃப் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு: உரோமமும் குளம்புமாக ஒரு மூஸ் மானின் காலைத் தூக்கித் தளத்தில் எறிவார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஹாக்கி ரசிகர்கள் ஆக்டோபஸ் எறிவார்கள். இங்கே காடு இருக்கிறது. அது பனியில் வழுக்கிக்கொண்டு போனதும் அரங்கமே எழுந்து கத்தியது. சைவப் பழக்கத்தில் வளர்ந்த என் மனைவி அதற்குப் பிறகு ஆட்டத்தை முழு மனதோடு பார்க்கவில்லை.

தொலைவு மட்டும் மாறவே இல்லை. எஸ்டெவானில் ஆட வேண்டுமென்றால் ஏறத்தாழ 800 கிலோமீட்டர், குளிர்காலத்தில், இரவில் திரும்பி. 2018 ஏப்ரல் 6 அன்று இதே லீக்கின் ஹம்போல்ட் பிராங்கோஸ் அணி பிளே ஆஃப் ஆட்டத்துக்காக நிபாவினுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஆம்லி அருகே நெடுஞ்சாலைச் சந்திப்பில் அவர்களுடைய பஸ்ஸும் ஒரு பெரிய லாரியும் மோதின. 16 பேர் இறந்தார்கள்; 13 பேர் காயமடைந்தார்கள். நாடு முழுவதும் மக்கள் வீட்டு வாசலில் ஹாக்கித் தடியைச் சாத்தி வைத்தார்கள். ஃபிளின் ஃபிளானில் அந்தத் துக்கத்துக்கு இன்னொரு முகம் இருந்தது. லீக்கிலேயே மிக அதிகம் பஸ்ஸில் இருக்கும் பையன்களில் சேர்த்தி அவர்களுடைய பையன்கள். பிள்ளைகளை வீட்டில் வைத்திருந்த பெண்கள் அந்த வாரம் தூங்கவில்லை என்றார் அக்கா.

உருக்காலை 2010இல் மூடப்பட்டது. ஊரின் கடைசிச் சுரங்கமான 777 மூடப்பட்டது 2022 ஜூனில். நிறுவனம் தன் வேலையை மனிடோபாவின் இன்னொரு சுரங்க ஊரான ஸ்னோ லேக் பக்கம் மாற்றிக்கொண்டது. தொழிலாளிகளில் பலர் கூடவே போனார்கள், அல்லது அங்கே தங்கி வேலை செய்துவிட்டு விடுமுறைக்கு ஊர் வருகிறார்கள். சுமார் தொண்ணூறு ஆண்டு நடந்த ஒரு கதை அத்தோடு முடிந்தது. அதே 2022 வசந்தத்தில் பாம்பர்ஸ் லீக் இறுதித் தொடரில் ஆடிக்கொண்டிருந்தது. 1968இல் போலவே இம்முறையும் தோற்றது எஸ்டெவானிடம்தான். எஸ்டெவான் தேசிய ஜூனியர் ஏ போட்டியை நடத்தும் ஊராகவும் இருந்ததால் பாம்பர்ஸுக்கும் அதில் ஆட இடம் கிடைத்தது. சுரங்கத்தின் கடைசி வாரங்களில் ஊரின் பாதிப் பேச்சு வேலையைப் பற்றி, மீதிப் பாதி அந்தப் போட்டியைப் பற்றி.

2025 மே 28 அன்று காட்டுத்தீ நெருங்கியதால் ஃபிளின் ஃபிளான் முழுவதையும் காலி செய்தார்கள். ஐயாயிரம் பேர் மாகாணம் முழுக்கச் சிதறினார்கள். ஜூன் 25 அன்றுதான் திரும்ப அனுமதி. ஊர் தப்பியது, சுற்றுப்புறத்தில் வீடுகள் எரிந்தன. அந்த நாள்களில் பெரியவரின் அக்கா வினிபெக்கில் ஒரு ஹோட்டல் அறையில் இருந்தார். நாங்கள் சாப்பாடு கொண்டுபோனோம். வீடு என்ன ஆயிற்று என்ற செய்திக்காக ஒரு நாளும் அவர் பதற்றம் காட்டவில்லை. மாறாக, கைப்பேசியில் யார் யாரையோ அழைத்து, வரும் பருவத்துக்குப் பையன்களை வைத்துக்கொள்ள எத்தனை வீடு தேறும் என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஸ்னோ லேக்குக்குப் போன குடும்பங்களால் ஏற்கெனவே பட்டியல் சுருங்கியிருந்தது. தன் வீட்டில் இரண்டு பேர் என்று எழுதிக்கொண்டார். பெரியவர் குறுக்கிட்டு, வயது என்ன உனக்கு, ஒருவன் போதாதா என்றார். "ஒருவனை மட்டும் வைத்தால் பேசத் துணை இல்லாமல் தொலைக்காட்சியே கதி என்று கிடப்பான்" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த எண்ணை அழுத்தினார்.